ரிஜெக்ட் செய்த எட்டு விளக்குகள்

எங்கள் வீட்டு ஹாலில் அண்ணாந்து பார்த்தால் எட்டு வட்ட விளக்குகள் தெரியும். இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு. மகள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் வீடு நல்லபடியாகப் படட்டுமே என்று ஃபால்ஸ் சீலிங் அடித்தோம். காங்கிரீட் கூரைக்கு அரையடி கீழே ஜிப்சம் பலகை. அதில் வட்டமாக ஓட்டை போட்டு விளக்குகளை உள்ளே பதித்துவிட்டார்கள். அப்போது அதுதான் நாகரிகம். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் இருக்கிற எங்கள் பிளாட்டுக்கு அது கொஞ்சம் அதிகப்படிதான். வந்தவர்கள் எல்லாரும் மேலே பார்த்து, "ஹோட்டல் மாதிரி இருக்கு" என்றார்கள். அது பாராட்டா கேலியா என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.

அந்த விளக்குகளை மாற்றிய கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதாமல் விட்டால் மனசு ஆறாது என்று தோன்றுகிறது. எழுதினாலும் ஆறாது, அது வேறு விஷயம்.

முதலில் இருந்தவை சி.எஃப்.எல். பல்புகள், அடியில் நாலு முள் வைத்தவை. பத்துப் பன்னிரண்டு வருஷம் நன்றாகத்தான் எரிந்தன. பிறகு ஒவ்வொன்றாக முனை கறுத்தது. ஸ்விட்சைப் போட்டால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் எரியும். மூன்று யோசிப்பதையும் நிறுத்திவிட்டன. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைகளில் ஏறி இறங்கினேன். "அந்த நாலு முள்ளு பல்பு இப்ப வர்றதே இல்லைங்க. எல்.இ.டி.க்கு மாறிடுங்க" என்றார்கள், ஏதோ கட்சி மாறச் சொல்வதுபோல.

எங்கள் அபார்ட்மென்டில் பாதி வீடுகளுக்கு ஒரே எலக்ட்ரீஷியன்தான். ஐம்பதை நெருங்கும் வயது, லால்குடிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். அவர் வந்து பழைய விளக்கு ஒன்றை இறக்கிப் பார்த்தார்.

"ஓட்டை ஆறு இஞ்சுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கு சார். அதுக்குத் தகுந்த சைஸா வாங்கணும். இல்லேன்னா கிளிப்பு பிடிக்காது, ஒருநாள் தலையில விழும்."

நான் உள்ளே போய் என் வெர்னியர் அளவுகோலை எடுத்துவந்து, ஸ்டூலில் ஏறி எட்டு ஓட்டைகளையும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதிக் கொடுத்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. முப்பத்தோரு வருஷம் ஒரு பெரிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். வெளியிலிருந்து வரும் உதிரிப் பாகங்களை அளந்து பார்த்து, சரியென்றால் முத்திரை, இல்லையென்றால் சிவப்புப் பெயின்டால் ஒரு பெருக்கல் குறி. குறை சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். என் மனைவி அதற்கு நேர் எதிர். அவளும் லால்குடிக்காரிதான், ஏழு பேரோடு பிறந்து வளர்ந்தவள். சாம்பாரில் உப்பு இல்லையென்றால் எடுத்துப் போட்டுக்கொள்வாள், அதை ஒரு செய்தியாகச் சொல்ல மாட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் என்னிடம் சொன்ன குறைகளை ஒரு கைவிரல்களுக்குள் அடக்கிவிடலாம்.

புது விளக்குகளை மாட்ட ஒரு அரைநாள் ஆனது. பழைய கூடு, சோக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, அதே ஒயரில், விளக்குக்குத் தகுந்தபடி கரன்டைக் குறைத்துக் கொடுக்கிற சின்ன டிரைவர் டப்பாவைக் கோத்து, இரண்டு ஸ்பிரிங் கிளிப்பையும் மேலே மடக்கி உள்ளே தள்ளினால் டப்பென்று உட்கார்ந்துகொள்கிறது. சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டதும் ஹால் பளிச்சென்று வெளுத்தது. அடுக்களையிலிருந்து கையில் கரண்டியோடு வந்த மனைவி, ஒவ்வொரு விளக்காகக் கரண்டியால் சுட்டி எண்ணினாள்.

"எட்டும் எரியுதுங்க" என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எட்டும் எரிவதைப் பார்த்த சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து, விளக்கு வைக்கிற நேரம். டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவள் நெற்றியைத் தடவிக்கொண்டே மேலே பார்த்தாள்.

"ஏங்க, இந்த லைட்டைச் சுத்தி வளையம் மாதிரி தெரியுதுங்க. கலர் கலரா. தலையும் வலிக்குது."

நானும் பார்த்தேன். எனக்கு வளையம் எதுவும் தெரியவில்லை. ஆனால் எங்கள் பிரிவில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு: புகார் வந்தால் பொருளைச் சந்தேகப்படு, புகார் சொன்னவரைச் சந்தேகப்படாதே. அந்தப் பாடத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை. அதிலும் புகார் சொல்வது யார்? புகாரே சொல்லத் தெரியாதவள். அவள் சொன்னால் இல்லாமல் இருக்குமா? விளக்கில்தான் கோளாறு என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். பெண்டாட்டி பேச்சுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற புருஷன் எத்தனை பேர் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வேறு.

தூங்கி எழுந்தால் அவளுக்குத் தலைவலி போய்விடும். பகலில் ஒன்றும் இருக்காது. நாலைந்து நாளைக்கு ஒருமுறை, அதுவும் பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். பகலில் நாங்கள் விளக்குப் போடுவதில்லை. ஆகவே விளக்கு எரியும்போதுதான் தலைவலி வருகிறது. என் கணக்கு எவ்வளவு கச்சிதமாக இருந்தது என்று நினைத்தால் இப்போது என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

வெள்ளை வெளிச்சம்தான் கண்ணை உறுத்துகிறது என்று முடிவுசெய்து, மஞ்சள் வெளிச்சத்தில் வேறு கம்பெனி விளக்குகள் எட்டு வாங்கினேன். எலக்ட்ரீஷியன் மறுபடி வந்து மாற்றினார். கழற்றிய எட்டையும் அதன் அட்டைப் பெட்டிகளிலேயே போட்டு, மேலே பேனாவால் பெருக்கல் குறி போட்டுப் பரணில் ஏற்றினேன். பத்து நாள் வளையம் வரவில்லை. நான் போனில் மகளிடம் எல்.இ.டி. வெளிச்சத்தின் தராதரம் பற்றி நீளமாகப் பாடம் நடத்தினேன். பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ வளையம் திரும்ப வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் ஒருநாள், தில்லை நகரில் ஒரு ரிசப்ஷனுக்குப் போய்விட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். இருட்டிவிட்டது. காவிரிப் பாலத்தில் ஏறினதும் அவள் என் கையைத் தொட்டாள்.

"அங்க பாருங்க, அந்தத் தெருவிளக்குக்கும் வளையம் இருக்குங்க."

"அதுவும் எல்.இ.டி.தானேம்மா. ஊரெல்லாம் மாத்திட்டாங்களே" என்றேன்.

"அப்படியா" என்று அவள் ஒத்துக்கொண்டாள். பாலத்தின் அந்தப் பக்கம் வரைக்கும் விளக்கு விளக்காகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். இந்தத் தரக்குறைவான சரக்கைப் பாலம் முழுக்க மாட்டியிருக்கிறார்களே என்று நான் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன்.

எலக்ட்ரீஷியனை மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டேன். அவர் இரண்டு டிரைவரை மாற்றினார், ஒயர் இணைப்புகளைச் சோதித்தார், டெஸ்டரை வைத்துப் பார்த்தார். ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"லைட்டுல ஒண்ணும் இல்லைங்க சார். எதுக்கும் மேடத்துக்குக் கண்ணை ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பத்தோரு வருஷமும் இதைத்தான் கேட்டிருக்கிறேன். எந்த சப்ளையரும் தன் சரக்கில் தப்பு என்று ஒத்துக்கொண்டதில்லை. அளந்த கருவி சரியில்லை, அளந்த கை சரியில்லை, பார்த்த கண் சரியில்லை. அந்தப் பாட்டை என் வீட்டு ஹாலிலும் வந்து பாடுகிறானே என்று தோன்றியது.

"வேலை தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிட்டுப் போ. என் பெண்டாட்டி கண்ணுல கோளாறு கண்டுபிடிக்க உன்னைக் கூப்பிடல" என்றேன். இத்தனை வருஷம் வாங்க போங்க என்று கூப்பிட்டவரை அன்றைக்கு அப்படிப் பேசினேன்.

அவர் டெஸ்டரைப் பையில் போட்டார். ஏணியை மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனைவி கொண்டுவந்து வைத்த டீ அப்படியே இருந்தது.

"ஏன் அப்படிப் பேசினீங்க? பாவம், நல்லதுக்குத்தானே சொன்னாரு" என்றாள் அவள்.

"உனக்கு இவங்களைப் பத்தித் தெரியாது."

"கண்ணாடிக் கடையில பார்த்தப்ப என் கண்ணு நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க" என்று அவளே எனக்கு ஆறுதலும் சொன்னாள். அது இரண்டு வருஷத்துக்கு முன்னால், படிக்கிற கண்ணாடி வாங்கியபோது.

இனி அடுத்தவரை நம்பிப் பயனில்லை, நானே முறையாக இன்ஸ்பெக்‌ஷன் செய்துவிடுவது என்று இறங்கினேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு ஜன்னல் திரைகளை இழுத்து மூடினேன். மெயினை அணைத்துவிட்டு எட்டு விளக்குகளின் இணைப்பையும் பிடுங்கினேன். ஒவ்வொன்றாகத் தனியே மாட்டி எரியவிட வேண்டும், அவள் பார்த்துச் சொல்ல வேண்டும், நான் நோட்டில் எழுத வேண்டும். நம்பர், வளையம் உண்டா இல்லையா, என்ன நிறம், எவ்வளவு பெரியது. நாலு பத்தி கோடு போட்டுத் தயாராக வைத்திருந்தேன். கண் இருட்டுக்குப் பழகினால்தான் வளையம் தெளிவாகத் தெரியும் என்று, ஒவ்வொரு விளக்குக்கும் முன்னால் பத்து நிமிஷம் அவளை இருட்டில் உட்காரவைத்தேன். நான் டார்ச்சோடு ஸ்டூலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவு செய்யணுமாங்க?" என்று சிரித்தாள். ஆனால் சொன்னபடி கேட்டாள். ஒன்றாம் நம்பருக்கு லேசாக இருக்கு என்றாள். மூன்றாம் நம்பருக்குப் பெரிசாக இருக்கு என்றாள். ஆறாம் நம்பரில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணு ரொம்ப வலிக்குதுங்க. போதுமே."

"இன்னும் ரெண்டுதாம்மா இருக்கு" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். இன்னும் இருபது நிமிஷம் இருட்டில் உட்கார்ந்தாள். ஏழு, எட்டு இரண்டுக்கும் பதில் சொன்னாள். என் வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளில் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால், இந்த வார்த்தையைத்தான் வாங்கிக்கொள்வேன்.

எழுந்தவள் நேராகப் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தாள். மத்தியானம் சாப்பிட்ட வாழைக்காய்தான், வாயு என்று சொல்லி ஓம வாட்டர் கொடுத்தேன். தலைவலி மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தேன். தூங்கினால் சரியாகிவிடும், எப்போதும் அப்படித்தானே ஆகிறது. அந்த இரவைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. காலையில் அவளுடைய இடது கண் ரத்தமாகச் சிவந்து, கருவிழி மேல் புகை படிந்ததுபோல இருந்தது. "இந்தக் கண்ணுல ஒண்ணும் தெரியலைங்க" என்றாள், மெதுவாக, யாரையோ எழுப்பிவிடப் போகிறோம் என்பதுபோல.

தில்லை நகரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்தார். கண்ணுக்குள் சுரக்கிற நீர் வெளியே போகும் வழி அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது என்று படம் போட்டுக் காட்டினார். சொட்டு மருந்து, ஊசி என்று அவசரமாக ஏற்பாடு செய்தார். நடுவில் அவளிடம் கேட்டார்:

"இதுக்கு முன்னாடி எப்பவாவது விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுது டாக்டர். புது லைட்டு மாட்டினதுலேர்ந்து தெரிஞ்சுது. அதுக்காக இவரும் என்னென்னவோ பண்ணிட்டாரு. மொத்த லைட்டையும் கழட்டி வேற மாட்டினாரு, மறுபடி ஆளை வரச்சொல்லிப் பார்த்தாரு" என்றாள்.

அந்த வலியிலும் அதைப் பெருமையாகச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்தார்.

"லைட்டுல மட்டும்தானாம்மா? சாமி விளக்கு ஏத்துறப்ப?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அதுலயும் தெரிஞ்சுது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு ஏத்தினா அஞ்சு முகத்துக்கும் கலர் கலரா வளையம். அம்பாள் அனுக்கிரகம்னு நினைச்சுக் கன்னத்துல போட்டுக்குவேன்."

எண்ணெய் விளக்கு. அதில் டிரைவர் கிடையாது, வெள்ளை மஞ்சள் என்ற பேச்சு கிடையாது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் என் கணக்கு முழுவதும் அந்த நிமிஷமே இடிந்து விழுந்திருக்கும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க லைட்டைப் பத்தி மட்டும்தானே கேட்டீங்க" என்றாள்.

உண்மைதான். நாலு பத்தி கோடு போட்டேனே, அதில் அவளுக்கு என்று ஒரு பத்தி இல்லை.

வலது கண்ணுக்கும் இப்படி வந்துவிடக் கூடாதென்று அதற்கு அன்றைக்கே லேசர் வைத்தார்கள். ஐந்து நிமிஷ வேலை. அது இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தும் நரம்பு போனது போனதுதான். ஓரமாகக் கொஞ்சம் வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. வளையம் தெரிந்த புதிதிலேயே வந்திருந்தால் அந்தக் கண்ணுக்கும் இதே ஐந்து நிமிஷம் போதும் என்று டாக்டரம்மா சொன்னார். திட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

மனைவி சொட்டு மருந்து போட்டுக்கொள்ள உள்ளே போயிருந்த நேரத்தில், அந்தச் சனிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனை அவரிடம் சொன்னேன். இருட்டில் உட்காரவைத்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "இருட்டுல கண்மணி விரியும். இந்த மாதிரி கண்ணுக்கு அப்பத்தான் வழி அடைபடும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது சார். அன்னிக்கு இல்லேன்னா வேற ஒரு நாள் வந்திருக்கலாம்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கலாம் என்று எத்தனையோ தடவை முயற்சி செய்துவிட்டேன். முதல் வாக்கியம் விடுவதில்லை.

இதை மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் ஐந்து மணிக்கே, வெயில் இருக்கும்போதே, ஹால் விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிடுகிறேன். லேசர் வைத்த பிறகு இருட்டு ஒன்றும் செய்யாது என்று டாக்டரம்மா சொல்லியும் கேட்கவில்லை. "ஈ.பி.காரங்க உங்களுக்கு மாலை போடணும்" என்று அவள் கேலி செய்கிறாள். அவளிடம் பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டபோது, "எனக்காகத்தான் போடறாரு, நான் தடுக்கி விழுந்துடுவேனாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அடுக்களைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மஞ்சள் விளக்குகளின் வெளிச்சம் அவளுக்கு இப்போது போதவில்லை. முதலில் மாட்டிய வெள்ளையையே திரும்ப மாட்டிவிடலாம் என்றாள். எலக்ட்ரீஷியனுக்கு போன் செய்யக் கை வரவில்லை. நேரே அவர் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மேடம் கண்ணு எப்படி இருக்கு சார்?" அபார்ட்மென்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அன்னிக்கு உங்களை ரொம்பத் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் கையிலிருந்த ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "எங்க அம்மாவுக்கு இப்படித்தான் சார் வந்துச்சு. அதனாலதான் சொன்னேன். மறுநாள் வந்து இன்னொரு தடவை சொல்லியிருக்கணும். நீங்க கோவமா இருந்தீங்கன்னு விட்டுட்டேன். அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு."

அவருக்கு உறுத்துகிறதாம்.

மறுநாள் வந்து, பரணிலிருந்து பெருக்கல் குறி போட்ட பெட்டிகளை இறக்கினார். எட்டையும் மாட்டினார். ஒன்றிலும் ஒரு பழுதும் இல்லை. அவ்வளவும் முதல் தரச் சரக்கு. இந்தத் தடவை டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கும் ஐந்து மணிக்கே ஸ்விட்சைப் போட்டுவிட்டேன். பொழுது சாய்ந்ததும் மனைவி ஹால் நடுவில் வந்து நின்று, ஆஸ்பத்திரியில் செய்யச் சொன்ன மாதிரி, நன்றாகத் தெரிகிற வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏங்க, எட்டும் எரியுதா?"

"எரியுதும்மா" என்றேன். நான் மேலே பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.